'கடத்துபவர்' என்று இனி எழுத வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து, வலியும் சோகையும் தரும் பரம்பரை ரத்த நோய்) பரிசோதனை முகாம் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. 'ரத்த நோயைக் கடத்துபவர்கள் கண்டுபிடிப்பு' என்பது தலைப்பு. காலையில் பேப்பரை விரித்த நான் அந்தத் தலைப்பைத் தாண்டிப் போக முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செய்தியில் பெரிய தவறு இல்லை, முகாமும் நல்ல முகாம்தான். ஆனால், நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் வைத்திருப்பவரைக் குறிக்க எழுதும் 'கடத்துபவர்' என்ற சொல்லையும், ஏதோ திருட்டுப் பொருள் பிடிபட்டதுபோல வரும் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லையும் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். முழுதும் படித்துவிட்டு, போடக்கூடியதைப் போடுங்கள்.

நான் கூடலூர்ப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவள். 1988-ல் சேர்ந்தேன், 2021-ல் ஓய்வு பெற்றேன். இங்கே பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் பலருக்கு நான் 'லேப் அக்கா'. அவர்கள் விரல் நுனியில் ஊசி குத்தியே தலை நரைத்தது. என் பெயரை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் வந்தால் நான் சொல்லப்போகும் குடும்பம் எது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துபோகும்.

சிக்கிள் செல்லுக்கு அந்தக் காலத்தில் நாங்கள் செய்த சோதனை எளிமையானது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அன்றைக்கே கரைத்த சோடியம் மெட்டாபைசல்ஃபைட் ஒரு சொட்டு சேர்ப்போம். அது ரத்தத்திலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, காற்றுப் புகாமல் ஓரமெல்லாம் நகப்பூச்சு தடவி அடைத்து, அரைமணி நேரம் வைத்திருப்போம். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்ட வடையாக இருந்த சிவப்பணுக்கள் இரண்டு முனையும் கூர்மையாகி, கதிரறுக்கும் அரிவாள்போல வளைந்து கிடக்கும். அப்படி இருந்தால் தாளில் 'பாசிட்டிவ்' என்று எழுதுவோம். அவ்வளவுதான்.

அந்தச் சோதனைக்கு ஒரு பெரிய குறை உண்டு. நோய் உள்ளவர் ரத்தமும் வளையும், நோயே இல்லாமல், அந்த நோய்க்குக் காரணமான மரபணுவின் இரண்டு பிரதியில் ஒன்று மட்டும் மாறியிருப்பவர் ரத்தமும் வளையும். இரண்டு பேருக்கும் 'பாசிட்டிவ்'தான். யார் எது என்று பிரித்துச் சொல்ல அடுத்த சோதனை வேண்டும். பல இடங்களில் முகாம் போட்டு முதல் சோதனையோடு முடித்து, தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நானும் அப்படி எழுதிக் கொடுத்தவள்தான்.

அப்படிப் போன ஒரு தாள்தான் 2011-ல் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தியது. பத்தொன்பது வயசு. நாள் குறித்து, சேலை எடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ அந்தத் தாளைப் பார்த்து, 'இது நோய் கடத்துகிற பெண்ணாம்' என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணின் அம்மா என்னிடம் வந்து, "அக்கா, எம் பொண்ணு எதைக் கடத்தினா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்குக் கடத்தல் என்றால் செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்திப் பிடிப்பார்களே, சந்தனக்கட்டை, அதுதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தாளில் இருந்தது என் கையெழுத்து.

மறுவாரம் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது சோதனையும் செய்தேன். அவளுக்கு நோய் இல்லை. ஒரு பிரதி மட்டும்தான் மாறியிருந்தது. அவள் ஆயுசுக்கும் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருப்பாள். அந்தப் பையனுக்கு மாறிய பிரதி இல்லையென்றால், அவர்களுக்கு எத்தனை பிள்ளை பிறந்தாலும் ஒன்றுக்கும் இந்த நோய் வராது. அப்படியானால் சோதிக்க வேண்டியது பையனை அல்லவா? அவன் கடைசி வரை விரலை நீட்டவே இல்லை. கல்யாணம் நின்றது நின்றதுதான்.

அதற்கப்புறம், தாளைக் கொடுக்கும்போதே விஷயத்தையும் சொல்லித்தான் அனுப்புவது என்று முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது? 'இது பரம்பரை' என்றால் 'எங்கள் குலத்து ரத்தம் கெட்டது' என்று எடுத்துக்கொள்வார்கள். 'மரபணுக் கோளாறு' என்றால் தலையை ஆட்டுவார்கள், ஒன்றும் உள்ளே போகாது. மரபணுவிலிருந்து புரதம் வரைக்கும் முழுக்கச் சொன்னால்தான் விளங்குகிறது. அதைச் சொல்லக் கால்மணி நேரம் போதும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அந்தக் கால்மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் நிருபர்களும் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

தாலுகா ஆபீஸில் நிலப் பதிவேடு இருக்கிறது. மூலப் பதிவேடு ஆபீஸைவிட்டு வெளியே போகாது. உங்களுக்கு வேண்டிய ஒரு சர்வே எண்ணுக்கு மட்டும் நகல் எடுத்துக் கொடுப்பார்கள், அதை வைத்து வேலை நடக்கும். நம் உடம்பிலும் அப்படித்தான். அநேகமாக ஒவ்வொரு செல்லின் நடுவிலும் உட்கரு என்று ஓர் அறை. அதில் டிஎன்ஏ என்ற பதிவேடு. அதில் மொத்தம் நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. அம்மா கொடுத்த பங்கில் சுமார் 300 கோடி எழுத்து, அப்பா கொடுத்த பங்கில் சுமார் 300 கோடி எழுத்து. ஒரு புரதத்தை எப்படிக் கோப்பது என்று அதில் எழுதியிருக்கும் பகுதிதான் மரபணு.

எல்லாச் செல்லிலும் ஒரே பதிவேடு என்றாலும், எல்லாப் பக்கத்தையும் எல்லாச் செல்லும் திறப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பக்கத்தைத் திறப்பது எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் செல்கள். ஹீமோகுளோபினில் நாலு சங்கிலி, ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. பீட்டா சங்கிலிக்கான மரபணு பதினொன்றாவது குரோமோசோமில், அதாவது பதிவேட்டின் பதினொன்றாவது புத்தகத்தில், சுமார் 1,600 எழுத்து நீளத்தில் இருக்கிறது. அதற்கு ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படும். நகலில் இடையே இரண்டு துண்டு வேண்டாதவை, அவற்றை வெட்டி எறிந்து மீதியை ஒட்டுவார்கள். (அந்த வெட்டும் இடத்தில் எழுத்து மாறினால் பீட்டா சங்கிலி போதிய அளவு வராது. தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயில் ஒரு வகை அப்படி வருகிறது. அது தனிக் கதை.) ஒட்டிய நகல் உட்கருவைவிட்டு வெளியே வரும். வெளியே அதைப் படித்துப் புரதம் கோக்கும் கருவியான ரைபோசோம் காத்திருக்கும்.

இந்த ரைபோசோமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. தாமஸ் ஸ்டைட்ஸ், ஆதா யோனத் என்ற இருவரோடு பகிர்ந்த பரிசு. அந்த வாரம் பேப்பரைத் திறந்தாலே அவர் படம்தான். எங்கள் டாக்டர் ஒருவரிடம், "சார், ரைபோசோம் என்றால் என்ன?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இருபது வருஷமா நீங்க தினமும் அதைத்தானே எண்ணிக்கிட்டு இருக்கீங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோகை நோயாளிகளுக்கு ரெட்டிக்குலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை என்று ஒரு சோதனை உண்டு. ரத்தத்தோடு நீலச் சாயத்தைக் கலந்து, கதகதப்பில் கால்மணி நேரம் வைத்து, தகட்டில் தீற்றிப் பார்ப்போம். முதிர்ந்த சிவப்பணு வெறும் வெளிர்நிறத் தட்டாகத் தெரியும். மஜ்ஜையிலிருந்து ஓரிரு நாள் முன்னால்தான் வெளியே வந்த இளம் அணுவுக்குள் மட்டும் நீல நிறத்தில் ஒரு வலை தெரியும், மழைநீர் தேங்கிய குட்டையில் பாசி படர்ந்ததுபோல. சாதாரண ஆளுக்கு நூறு அணுவில் ஒன்றோ இரண்டோ அப்படி இருக்கும். சிக்கிள் செல் பிள்ளைகளுக்குப் பத்து, பதினைந்துகூட இருக்கும். அணுக்கள் சீக்கிரம் உடைவதால் மஜ்ஜை ஓயாமல் புதிது புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நீல வலை, சாயம் பட்டு ஒன்றாகத் திரண்டுபோன ரைபோசோம்களின் ஆர்என்ஏ என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உட்கருவை வெளியே தள்ளிவிட்ட பிறகும், பழைய நகலை வைத்துக்கொண்டு அந்த இளம் அணு இன்னும் ஹீமோகுளோபின் கோத்துக்கொண்டிருக்கிறது. கோத்து முடிந்ததும் வலையும் கரைந்துபோகும். அன்று இரவு டூட்டியில் ஒரே தகட்டை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரைபோசோம் நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதச் சரட்டில் ஒரு மணி. நாலு எழுத்தை வைத்து 64 மூன்றெழுத்துச் சொற்கள் எழுதலாம். அவற்றில் மூன்று 'நிறுத்து' என்று சொல்பவை. மீதி 61-ம் இருபது அமினோ அமிலங்களைக் குறிக்கும். எந்தச் சொல்லுக்கு எது என்ற அகராதியை 1960-களில் எழுதி முடித்தார்கள். அதற்கு 1968-ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் நம் ஹர் கோவிந்த் கொரானா. படித்த வரிசையிலேயே அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படும். பீட்டா சங்கிலியில் 146 கோத்து முடிந்ததும் அது தானாகச் சுருண்டு மடங்கும், ஆல்ஃபாவோடு சேரும், நடுவில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பதிவேட்டில் எழுத்தாக இருந்தது ஆக்சிஜன் சுமக்கும் பொருளாக ஆகிவிடும்.

இதை வாயால் சொன்னால் நிற்காது. அதனால் பாசிமணி வாங்கினேன். பேன்ஸி ஸ்டோரில் இருபது நிறம் கிடைக்கவில்லை, பதினொரு நிறம்தான் கிடைத்தது. மீதிக்குப் பெரிய மணி, நீள மணி, பித்தளை மணி என்று வடிவத்தை மாற்றிக்கொண்டேன். டாக்டரின் புத்தகத்தைப் பார்த்து 146 மணியையும் வரிசை பிசகாமல் கோக்க இரண்டு இரவு ஆனது. முதல் மணி வேலின், அப்புறம் ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின். ஆறாவது குளூட்டாமிக் அமிலம், அதற்கு நீல மணி. அதேபோல் இன்னொரு சரடும் கோத்தேன். அதில் ஆறாவது இடத்தில் மட்டும் நீலத்துக்குப் பதில் இன்னொரு வேலின், சிவப்பு மணி. பதிவேட்டில் அந்த இடத்தில் 'ஜி-ஏ-ஜி' என்று இருக்க வேண்டியது 'ஜி-டி-ஜி' என்று இருக்கிறது. நடு எழுத்து ஒன்றுதான் வேறு. 'ஜி-ஏ-ஏ' என்று கடைசி எழுத்து மாறியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது, அதற்கும் அகராதியில் குளூட்டாமிக் அமிலம்தான். நடு எழுத்து மாறியதால் அர்த்தம் மாறிவிட்டது, அச்சில் 'பால்' என்பது 'பாழ்' ஆவதுபோல. உங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இது நான் சொல்லாமலே புரியும்.

இரண்டு சரடையும் கையில் கொடுத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்வேன். பெரியவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள், பிள்ளைகள் சட்டென்று விரல் வைப்பார்கள். 146-ல் ஒன்று. இதற்கா இத்தனை வலி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

குளூட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டும், அதில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. வேலின் எண்ணெய்த்தன்மை உள்ளது, தண்ணீரைவிட்டு ஒதுங்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் அதன் வடிவம் கொஞ்சம் மாறும். அப்போது பக்கத்து ஹீமோகுளோபினில் ஒரு சின்னக் குழி திறக்கும். இந்த வேலின் அந்தக் குழியில் போய்ப் பொருந்திக்கொள்ளும். அதோடு இன்னொன்று, அதோடு இன்னொன்று என்று ஒட்டி ஒட்டி நீளமான கயிறாகிவிடும். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் இருக்கிறது. இத்தனையும் கயிறாகத் திரிந்தால் அணு என்ன செய்யும்? சாக்குப் பையில் பந்தல் குச்சிகளைத் திணித்ததுபோல நீண்டு வளைந்துவிடும். அதுதான் நான் பார்த்த அரிவாள்.

ஒட்டுவதைக் காட்ட எனக்குப் பலாப்பழம் கைகொடுத்தது. எங்கள் பக்கம் சீசனில் பலாவுக்குக் குறைவில்லை, யானையும் அதற்குத்தான் இறங்குகிறது. சிவப்பு மணியில் மட்டும் துளி பலாப்பிசினைத் தடவி, நாலைந்து சரடை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குவேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக வெளியே வரும். நீல மணிச் சரடுகளை அதே டப்பாவில் குலுக்கினால் தனித்தனியாக நழுவும். பலா உரித்த கை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு பணியப் பாட்டி கொத்தைப் பார்த்துவிட்டு, தன் பேரனின் முழங்காலைத் தொட்டு, "இங்கே இப்படித்தான் அடைக்குதா?" என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான். வளைந்து விறைத்த அணுக்கள் மெல்லிய ரத்தக்குழாயை அடைக்கும், அதற்கு அப்பால் இருக்கும் சதையும் எலும்பும் ஆக்சிஜன் இல்லாமல் துடிக்கும். காய்ச்சல், குளிர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் அதைத் தூண்டும். ஜூன், ஜூலையில் இங்கே மழை ஊற்றும்போது வலியால் அலறிக்கொண்டு வரும் பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். நல்ல சிவப்பணு 120 நாள் இருக்கும். வளைந்தது இருபது நாள்கூடத் தாங்குவதில்லை. அதனால்தான் சோகை.

இப்போது 'கடத்துபவர்' விஷயம். அம்மா பங்கு ஒன்று, அப்பா பங்கு ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் பீட்டா மரபணு இரண்டு பிரதி. இரண்டு பிரதியிலிருந்தும் சங்கிலி கோக்கப்படும். ஒரு பங்கு மட்டும் மாறியிருந்தால், அணுவுக்குள் நீல மணிச் சரடும் இருக்கும், சிவப்பு மணிச் சரடும் இருக்கும். நூற்றில் சுமார் நாற்பதுதான் சிவப்பு. நடுநடுவே நீலம் இருப்பதால் கயிறு நீளாது, அன்றாட வாழ்க்கையில் அணு வளையாது. கண்ணாடித் தகட்டில் ஆக்சிஜனை முழுக்க உறிஞ்சினால்தான் வளையும். அந்தப் பெண்ணின் ரத்தம் என் தகட்டில் வளைந்தது அப்படித்தான். அவள் உடம்பில் அது வளையவில்லை.

இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை எலக்ட்ரோஃபோரசிஸ். செல்லுலோஸ் அசிடேட் நாடாவில் ரத்தக் கரைசலை ஒரு கோடாக வைத்து, இரு முனைக்கும் மின்சாரம் கொடுப்போம். எதிர்மின்னூட்டம் உள்ள ஹீமோகுளோபின் பிளஸ் முனையை நோக்கி ஓடும். மாறிய ஹீமோகுளோபினில் இரண்டு பீட்டா சங்கிலியிலும் ஒவ்வொரு குளூட்டாமிக் அமிலம் போய்விட்டதால் எதிர்மின்னூட்டம் இரண்டு குறைவு, அது பின்தங்கும். சிவப்புச் சாயத்தில் நாடாவை முக்கி எடுத்தால், சாதாரண ஆளுக்கு முன்னால் ஒரு பட்டை. நோய் உள்ளவருக்கு அந்த இடம் காலி, பின்னால்தான் பட்டை. ஒரு பங்கு மாறியவருக்கு இரண்டு இடத்திலும் பட்டை. 1949-ல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் அவருடன் இருந்தவர்களும் இதைப் பார்த்துத்தான் 'மூலக்கூறு நோய்' என்ற சொல்லையே எழுதினார்கள். எந்த மணி மாறியது என்பதை 1956, 57-ல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் கண்டார். ஹீமோகுளோபினைத் துண்டு துண்டாக வெட்டித் தாளில் பரப்பி, இடம் மாறி நின்ற ஒரே ஒரு புள்ளியைப் பிடித்து. அப்போது மரபணு அகராதி யாருக்கும் தெரியாது. அந்த வரலாறு முழுக்க எங்கள் கூடத்தில் ஒரு விரல் அகல நாடாவில் தினமும் நடந்தது. அந்தப் பெண்ணின் இரண்டு பட்டையையும் அவள் அம்மாவிடம் காட்டினேன். "இது உங்கள் பங்கு, இது அவ அப்பா பங்கு" என்றேன். எந்தப் பட்டை யாருடையது என்று அவர்களுக்குச் சோதித்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. மாறிய பங்கு அப்பாவுடையது. ஊர் முழுக்க அம்மாவைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரு பக்கமும் ஒரு பங்காவது மாறியிருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வர இடமுண்டு. இருவருமே ஒரு பங்கு மாறியவர்களாக இருந்தால் என்ன ஆகும் என்று காட்டவும் ஒரு வழி வைத்திருந்தேன். இரண்டு மாத்திரை டப்பா, ஒவ்வொன்றிலும் ஒரு நீல மணி, ஒரு சிவப்பு மணி. புருஷன் ஒரு டப்பாவில், பெண்டாட்டி ஒரு டப்பாவில், கண்ணை மூடி ஆளுக்கொரு மணி எடுக்க வேண்டும். இரண்டும் சிவப்பு வந்தால் அந்தப் பிள்ளைக்கு நோய். எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்கு மறுபடி எடுக்க வேண்டும். உங்கள் செய்தியில் 'நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த ஒருவர், மூத்ததுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைத்தவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாக நாலில் ஒரு வாய்ப்பு என்று எழுதுங்கள். டப்பாவுக்கு முந்தைய பிள்ளை ஞாபகத்தில் இருக்காது.

இது 'பழங்குடி ரத்தம்' என்று எழுதுவதும் சரியில்லை. மருத்துவ இதழில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1910-ல் சிகாகோவில். நோயாளி, கரீபியக் கடலில் உள்ள கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்கப் போன ஓர் இளைஞர். நீலகிரிப் பழங்குடியினரிடம் இது இருப்பதை 1952-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆப்பிரிக்காவில் பல நாடுகளிலும், அரேபியாவிலும், மத்திய இந்தியாவிலும் உண்டு. இங்கெல்லாம் பொதுவாக இருந்தது மலேரியா. ஒரு பங்கு மாறிய பிள்ளைகளைக் கடுமையான மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை என்று 1954-ல் ஆண்டனி ஆலிசன் காட்டினார். எங்கள் வயநாட்டுச் சரிவு ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன இடம். வெளியூர்க்காரர் தங்க அஞ்சிய காட்டில் இவர்களின் பாட்டன் பூட்டன் பிழைத்துக் கிடந்ததற்கு இந்த ஓரெழுத்தும் ஒரு காரணம். அதனால்தான் இதை எழுத்துப்பிழை என்று சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை, மேலே அச்சுப்பிழை உதாரணம் சொன்னது விளக்கத்துக்காக மட்டும்.

2023 ஜூலை 1-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது என்பது இலக்கு. நான் வரவேற்கிறேன். பிறந்த குழந்தைக்குச் சீக்கிரம் தெரிந்தால் பெனிசிலின், தடுப்பூசி, ஃபோலிக் அமிலம், தேவைப்பட்டால் ஹைட்ராக்ஸியூரியா என்று கொடுத்து நல்லபடியாக வளர்க்கலாம். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, கருவில் இருக்கும்போது சுரந்த பழைய ஹீமோகுளோபினை மறுபடி கொஞ்சம் சுரக்க வைக்கிறது. அந்தக் கரு ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலியே கிடையாது, பிசினும் கிடையாது. பிறந்து ஐந்தாறு மாதம் வரை பிள்ளைக்கு வலி வராததும் அதனால்தான். 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். அந்தச் செய்தியை எல்லோரும் பெரிதாகப் போட்டார்கள். தினம் ஒரு மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் என்பதையும் அதே அளவில் போடுங்கள்.

'கடத்துபவர்' என்பதற்குப் பதில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். நான் பல சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். 'பாதி நோய்' என்றால் பயந்துவிடுகிறார்கள். 'சுமப்பவர்' என்றால் பாரம் என்று நினைக்கிறார்கள். கடைசியில் நின்றது 'ஒரு பங்கு மாறியவர்', 'இரு பங்கும் மாறியவர்' என்பதுதான். முதலாமவருக்கு நோய் இல்லை, இரண்டாமவருக்கு உண்டு. சொத்தில் பங்கு பிரித்துப் பழகிய ஊரில் இதைக் கேட்டு யாரும் விழித்ததில்லை. இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் அதையே போடுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். முகாம் செய்தி எழுதும்போது, தாளைக் கொடுத்தவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார்களா, 'பாசிட்டிவ்' என்றவர்களுக்கு இரண்டாவது சோதனை செய்தார்களா, மாப்பிள்ளைகளும் விரல் நீட்டினார்களா என்று உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும்.

சரடு இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் நூல் நைந்துபோய்ப் போன மாதம்தான் மாற்றிக் கோத்தேன். உங்கள் நிருபர் கூடலூர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், காட்டுகிறேன். பலா சீசனில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.